நாற்பது மைல் நடந்து பஞ்சத்தைக் கண்ட நிருபர் கேரத் ஜோன்ஸ்

1933ஆம் ஆண்டு மார்ச் மாதம். மாஸ்கோவிலிருந்து கார்கோவ் நகருக்குப் போகும் ரயிலில், பலகை இருக்கைகள் கொண்ட மலிவு வகுப்பில், 27 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். அவருடைய முதுகுப்பை நிறைய ரொட்டியும் வெண்ணெயும் சீஸும் இறைச்சியும் சாக்லெட்டும் இருந்தன.

வழியில் அவர் ஒரு ரொட்டியின் காய்ந்த ஓரத்தை எச்சில் தொட்டியில் போட்டார். பக்கத்தில் இருந்த விவசாயி தொட்டிக்குள் கையைவிட்டு அதை எடுத்துத் தின்றார். சற்று நேரம் கழித்து ஆரஞ்சுத் தோலைப் போட்டார். அதையும் அந்த மனிதர் விடவில்லை.

அதே பெட்டியில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் ஒருவரும் இருந்தார். நாட்டில் பஞ்சம் எதுவும் இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார்.

அந்த இளைஞரின் பெயர் கேரத் ஜோன்ஸ். கார்கோவ் வரைக்கும் அவரிடம் டிக்கெட் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிப் பனியில் நடக்கத் தொடங்கினார். அந்த நடைதான் அவரை உலகறியச் செய்தது. அதற்காகவே உலகம் அவரைப் பொய்யர் என்றும் சொன்னது.

தாய் சொன்ன கதைகள்

கேரத் ஜோன்ஸ் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் தேதி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேரி என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை எட்கர் ஜோன்ஸ் அங்குள்ள பள்ளியின் தலைமையாசிரியர்.

ரஷ்யா மீது அவருக்கு ஆசை வந்தது தாயாரால். தாய் ஆனி குவென் இளவயதில் ரஷ்யப் பேரரசில் வேலை பார்த்தவர். ஜான் ஹியூஸ் என்ற வேல்ஸ்காரர் இன்றைய கிழக்கு உக்ரேனில் இரும்பாலையும் நிலக்கரிச் சுரங்கமும் அமைத்து, அவற்றைச் சுற்றி ஓர் ஊரையே எழுப்பினார். அவர் பெயரிலேயே அது ஹியூஸோவ்கா என்று அழைக்கப்பட்டது. அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகளுக்கு 1889 முதல் 1892 வரை பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஆனி குவென். அந்த ஊர்தான் பின்னர் ஸ்டாலினோ ஆகி, இப்போது டோனெட்ஸ்க் என்ற பெயரில் போர்ச் செய்திகளில் அடிபடுகிறது.

அம்மா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த மொழியைப் படித்தே தீருவது என்று கிளம்பியது. அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியில் முதல் வகுப்பு. அடுத்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் 1929ஆம் ஆண்டு மீண்டும் முதல் வகுப்பு. வெல்ஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என ஐந்து மொழிகளில் தங்குதடையின்றிப் பேசினார்.

இந்த ரஷ்ய மொழிப் புலமையைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. அன்று மாஸ்கோவுக்குச் சென்ற வெளிநாட்டவர் பெரும்பாலோர் அரசாங்கம் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் சொன்னதை மட்டுமே கேட்டுத் திரும்பினார்கள். ஜோன்ஸ் குடிசையில் இருந்த கிழவியிடம் நேராகவே பேசக்கூடியவர்.

1930 ஜனவரியில், முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜின் வெளிநாட்டு விவகார ஆலோசகர் வேலை அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24. அதே ஆண்டு கோடையில் முதன்முறையாகச் சோவியத் நாட்டுக்குப் போனார். தாயார் வாழ்ந்த ஊரைப் பார்க்க எவ்வளவோ ஆசையுடன் போனவர், சில மணி நேரத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டார். சாப்பிட எதுவும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு சின்ன ரொட்டிதான் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, பதப்படுத்திய உணவு வியாபாரத்தில் பேர்போன ஹைன்ஸ் குடும்பத்து வாரிசு ஒருவருடன் மீண்டும் சென்றார். கிராமத்துக் குடிசைகளில் தரையில் படுத்து உறங்கினார்கள். லெனினின் மனைவி குரூப்ஸ்கயாவையும் சந்தித்தார்கள். அந்தப் பயணக் குறிப்புகள் புத்தகமாக வந்தபோது ஜோன்ஸ் முன்னுரை எழுதினார்.

வயலில் விளைந்தது எங்கே போனது?

1932 அக்டோபரிலேயே, ரஷ்யாவில் வரும் குளிர்காலத்தில் குடிக்க சூப்பாவது இருக்குமா என்று கேட்டு, வேல்ஸ் நாட்டு வெஸ்டர்ன் மெயில் நாளிதழில் அவர் எழுதினார். அது ஜோசியம் பார்த்துச் சொன்னதல்ல. கணக்கு தெளிவாக இருந்தது.

1929 முதல் ஸ்டாலின் அரசு விவசாயிகளின் சொந்த நிலங்களைப் பறித்துக் கூட்டுப் பண்ணைகளாக்கியது. சற்று வசதியாக இருந்த விவசாயிகள் குலாக் என்று முத்திரை குத்தப்பட்டு, குடும்பத்தோடு சைபீரியாவுக்கும் வடக்கே காடுகளுக்கும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நன்றாகப் பயிர் செய்யத் தெரிந்தவர்களே முதலில் போய்விட்டார்கள். மாடுகளையும் குதிரைகளையும் பண்ணைக்குக் கொடுப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் என்று பலர் அறுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு கிராமமும் கொடுக்க வேண்டிய தானிய அளவை அரசு அதற்கேற்பக் குறைக்கவில்லை. புதிய தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி தேவை. அதற்கு விற்கத் தானியம் தேவை. மக்கள் பட்டினி கிடந்த 1932ஆம் ஆண்டிலும் 15 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது.

1932 ஆகஸ்டு 7ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, இல்லையேல் பத்தாண்டு சிறை. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கியவர்கள்கூட இதில் மாட்டிக்கொண்டார்கள். கொடுக்க வேண்டிய அளவைக் கொடுக்காத உக்ரேன் கிராமங்கள் கரும்பட்டியலில் ஏறின. அங்கு கடைச் சரக்கே போகவில்லை. வீடு வீடாகக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்து, ஒளித்து வைத்ததையும் எடுத்துப் போனார்கள்.

1933 ஜனவரியில் கடைசிக் கதவும் அடைக்கப்பட்டது. உக்ரேன், குபான் பகுதி விவசாயிகள் உணவு தேடி வேறு மாநிலங்களுக்குப் போகத் தடை வந்தது. ரயில் டிக்கெட் விற்பனை நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு நிருபர்களும் மாஸ்கோவை விட்டு அனுமதியின்றி அந்தப் பக்கம் போக முடியாது என்றானது.

இந்த நேரத்தில்தான் ஜோன்ஸ் ரயிலேறினார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு அவர் இருந்த இடத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பிப்ரவரி 23ஆம் தேதி, ஜெர்மனியின் புதிய அதிபர் ஹிட்லருடன் ஒரே விமானத்தில் அவர் பிராங்க்பர்ட் கூட்டத்துக்குப் பறந்தார். அந்த விமானம் விழுந்துவிட்டால் ஐரோப்பாவின் வரலாறே மாறிவிடும் என்ற பொருளில் பிறகு எழுதினார். ஒரே மாதத்துக்குள் ஹிட்லரின் ஜெர்மனியையும் ஸ்டாலினின் உக்ரேனையும் பக்கத்தில் நின்று பார்த்த வேறொரு நிருபரைச் சொல்வது கடினம்.

இருபது கிராமங்கள்

அவர் முதுகில் சுமந்த உணவு மாஸ்கோவில் டோர்க்சின் கடையில் வாங்கியது. அங்கு வெளிநாட்டுப் பணம், தங்கம், வெள்ளி மட்டுமே செல்லும். சொந்த நாட்டு மக்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து மாவு வாங்கிப் போன கடை அது.

ரஷ்ய எல்லையிலிருந்து உக்ரேனுக்குள் ஏறத்தாழ நாற்பது மைல் நடந்தார். இருபது கிராமங்கள் வரை பார்த்தார். போன இடமெல்லாம் முதலில் காதில் விழுந்தது ஒரே பேச்சு: ரொட்டி இல்லை, சாகிறோம் என்பதுதான். மாடுகள் எங்கே என்றால் செத்துவிட்டன என்றார்கள். குதிரைகள் எங்கே என்றால் அதற்கும் அதே பதில். மாட்டுத் தீவனமாகப் போடும் பீட்ரூட் கிழங்கைத் தின்று உயிரை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அதுவும் தீர்ந்துபோன வீடுகளும் இருந்தன.

இரவில் அந்தக் குடிசைகளிலேயே தங்கினார். வயிறு உப்பிப்போன பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்தார். தன் பையில் இருந்த ரொட்டியையும் சீஸையும் பகிர்ந்து கொடுத்தார். தெற்கே போனால் இதைவிட மோசம் என்று அந்த மக்கள் அவரிடம் சொன்னார்கள். கேட்டதையெல்லாம் சின்ன சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனார்.

ஒரு சிறு ரயில் நிலையத்தில் போலீஸ்காரர் ஒருவர் அவரைப் பிடித்தார். கேள்விகள் கேட்டுவிட்டு, கார்கோவ் வரைக்கும் கூடவே கொண்டுபோய் விட்டார்கள். அப்போது உக்ரேனின் தலைநகரம் அதுதான். இன்று கார்கிவ் என்கிறோம். நகரத்திலும் ரொட்டிக்கு நீண்ட வரிசை. ரயில் நிலையத்தில் வீடற்ற சிறுவர்கள் காய்ச்சலோடு கிடந்தார்கள்.

நாட்டை விட்டு வெளியேறும் வரை அவர் ஒரு வரியும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் தணிக்கையில் போயிருக்கும். மார்ச் 29ஆம் தேதி பெர்லினில் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் மறுநாளுக்குள் செய்தி பரவியது. பிறகு தன் பெயரிலேயே பல கட்டுரைகளை எழுதினார்.

அவருக்குச் சில நாட்கள் முன்பு மால்கம் மக்கரிட்ஜ் என்ற நிருபரும் மான்செஸ்டர் கார்டியனில் மூன்று கட்டுரைகளில் இதையே எழுதியிருந்தார். அவை தணிக்கையைத் தப்பித் தூதரகப் பையில் போனவை. பெயர் போடாமல் வந்தவை. ஊரறியத் தன் பெயரைப் போட்டுச் சொன்ன முதல் மேற்கத்திய நிருபர் ஜோன்ஸ்தான்.

மாஸ்கோ நிருபர்கள் செய்தது

இரண்டே நாளில் அடி விழுந்தது. அடித்தது சோவியத் அரசு அல்ல, சக நிருபர்.

வால்டர் டுராண்டி நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர். ரயில் விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஸ்டாலினையே நேரில் பேட்டி கண்டவர். 1931இல் எழுதிய கட்டுரைகளுக்காக 1932இல் புலிட்சர் விருது பெற்றவர். மார்ச் 31ஆம் தேதி அவர் எழுதிய செய்தியின் சாரம் இதுதான்: ரஷ்யர்கள் பசியோடு இருக்கிறார்கள், ஆனால் பட்டினியால் சாகவில்லை. உணவுப் பற்றாக்குறை உண்டு, சத்துக் குறைவால் வரும் நோயில் சாவுகள் உண்டு, பஞ்சம் என்று சொல்ல முடியாது. ஜோன்ஸ் நாற்பது மைல் நடந்துவிட்டு அவசர முடிவுக்கு வந்துவிட்டார்.

பட்டினிச் சாவு வேறு, சத்துக்குறைவு நோய்ச் சாவு வேறு என்ற இந்த வித்தையைக் கவனிக்க வேண்டும். வயிற்றுக்கு இல்லாமல் செத்தவனின் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதில்தான் டுராண்டிக்குத் தகராறு.

மற்ற நிருபர்களும் ஜோன்சுக்குத் துணை நிற்கவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாஸ்கோவுக்கு வந்தபோது ஜோன்ஸ் அவர்களிடமும் பேசியிருந்தார்; அவர் சொன்னதில் பல அவர்களுக்கு முன்பே தெரிந்தவை. ஆனால் அந்த மாதம் மெட்ரோ விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆறு பேர் உளவு, நாசவேலைக் குற்றச்சாட்டில் கைதாகியிருந்தார்கள். விசாரணை ஏப்ரலில். உலகமே காத்திருந்த அந்த வழக்கைப் பார்த்து எழுத வேண்டுமானால் தணிக்கை அதிகாரியின் தயவு வேண்டும். விசா போனால் வேலை போகும்.

அமெரிக்க நிருபர் யூஜின் லையன்ஸ் 1937இல் தன் புத்தகத்தில் இதை ஒப்புக்கொண்டார். தணிக்கை அதிகாரி உமான்ஸ்கியோடு ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, ஜோன்ஸ் சொன்னதை எப்படி மறுப்பது என்று பேசி முடித்து, பிறகு வோட்கா குடித்ததாக எழுதினார். அப்படி ஒரு கூட்டம் நடந்ததா என்று சில ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். ஆனால் ஜோன்சைக் கைவிட்டதை லையன்ஸ் தன் வாழ்நாளின் வெட்கக்கேடாகவே கருதினார்.

ஜோன்ஸ் பின்வாங்கவில்லை. மே 13ஆம் தேதி நியூயார்க் டைம்ஸிலேயே அவரது பதில் கடிதம் வெளிவந்தது. தன் சான்றுகளை வரிசையாக வைத்தார்: பல நாட்டுத் தூதர்கள் சொன்னது, இருபது கிராமத்து விவசாயிகள் சொன்னது, ரஷ்யாவில் குடியிருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் தாய்நாட்டுக்கு எழுதி உதவி கேட்ட கடிதங்கள். மாஸ்கோ நிருபர்கள் மீது அவர் கோபத்தைக் கொட்டவில்லை. தணிக்கை அவர்களைப் பூசி மெழுகும் கலையில் தேர்ந்தவர்களாக்கிவிட்டது என்று இரக்கத்தோடுதான் எழுதினார்.

டுராண்டியின் கதையில் இன்னும் ஒன்று உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் அவரே உக்ரேன் பக்கம் போய் வந்தார். திரும்பியதும் மாஸ்கோவில் பிரிட்டிஷ் தூதரகத்தில் தனிப்பட்ட முறையில் பேசும்போது, நேரடியாகவோ மறைமுகமாகவோ உணவில்லாமல் ஒரு கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்று சொன்னார். தூதரக அறிக்கையில் அது பதிவாகி லண்டனுக்குப் போனது. பத்திரிகையில் அவர் அந்த எண்ணை எழுதவில்லை.

நவம்பரில் அமெரிக்கா சோவியத் அரசை அங்கீகரித்தது. அதற்காகச் சென்ற வெளியுறவு அமைச்சர் லிட்வினோவோடு டுராண்டியும் அமெரிக்கா போனார். நியூயார்க் விருந்தில் அவர் பெயரைச் சொன்னபோது பலத்த கைதட்டல்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒரே எண் இல்லை. உக்ரேனில் மட்டும் 35 லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. கஜகஸ்தானிலும் ரஷ்யாவின் சில பகுதிகளிலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். உக்ரேனியர்கள் அதை ஹோலோடோமோர், பசியால் கொல்லுதல், என்று அழைக்கிறார்கள்.

கதவுகள் மூடின

லிட்வினோவ் லண்டனிலிருந்த தூதர் வழியாக லாய்ட் ஜார்ஜுக்குத் தகவல் அனுப்பினார். ஜோன்ஸ் இனிச் சோவியத் மண்ணில் காலடி வைக்க முடியாது. ரஷ்ய மொழியைத் தேடித்தேடிப் படித்த மனிதருக்கு ரஷ்யா மூடப்பட்டது.

லண்டன் வட்டாரத்திலும் அவருக்கு ஆதரவு குறைந்தது. ஹிட்லர் எழுந்து வரும் நேரத்தில் ஸ்டாலினைப் பகைத்துக்கொள்ளப் பலர் விரும்பவில்லை. வேறு சிலருக்குச் சோவியத் நாடு கனவு நாடு. அந்தக் கனவைக் கலைத்தவரை அவர்கள் மன்னிக்கவில்லை. ஜோன்ஸ் ஊருக்குத் திரும்பி, கார்டிஃப் நகரில் வெஸ்டர்ன் மெயில் அலுவலகத்தில் உட்கார்ந்து, வேல்ஸ் நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் சும்மா இருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. 1934ஆம் ஆண்டு கடைசியில் உலகம் சுற்றக் கிளம்பினார். அமெரிக்காவில் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டைப் பார்த்தார். ஹெர்ஸ்ட்டின் பத்திரிகைகள் 1935 ஜனவரியில் அவருடைய பஞ்சக் கட்டுரைகளை மீண்டும் வெளியிட்டன. அடுத்து ஜப்பான். ஜப்பான் எங்கே பாயப்போகிறது என்பதே அப்போது அவர் மனத்தில் இருந்த கேள்வி. அதற்கு விடை தேடித்தான் பிலிப்பீன்ஸ், ஜாவா, சிங்கப்பூர், சயாம், இந்தோசீனா என்று நம் வட்டாரம் முழுவதும் சுற்றிவிட்டுச் சீனா போனார். ஏழு ஆண்டுகளுக்குள் அந்தக் கேள்விக்கான விடை சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1935 ஜூலையில் ஹெர்பர்ட் முல்லர் என்ற ஜெர்மன் நிருபரோடு உள் மங்கோலியாவுக்குச் சென்றார். ஜப்பானியப் படை நடமாட்டம் இருந்த பகுதி அது. மாதக் கடைசியில் கொள்ளைக் கூட்டம் ஒன்று இருவரையும் பிடித்தது. கேட்ட பிணைப்பணம், அந்நாளில் சீனாவில் புழங்கிய மெக்சிகோ வெள்ளியில் ஒரு லட்சம். முல்லரை இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். ஜோன்சை விடவில்லை. பதினாறு நாட்கள் போல் இடம் விட்டு இடம் இழுத்துச் சென்றார்கள். ஆகஸ்டு 12ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.

அவர்கள் சென்ற வாகனத்தைக் கொடுத்தது வோஸ்ட்வாக் என்ற வர்த்தக நிறுவனம். அது சோவியத் உளவுத்துறையின் மறைமுகக் கிளை என்பது பின்னாளில் தெரிய வந்தது. அதனால் இது பழிவாங்கலா என்ற சந்தேகம் குடும்பத்தினருக்குக் கடைசிவரை இருந்தது. ஆதாரம் கிடைக்கவில்லை. வெறும் கொள்ளைக்காரர்கள் வேலையாகவும் இருக்கலாம், ஜப்பானியர்களின் கையும் இருக்கலாம். ஐவி லீ, லாய்ட் ஜார்ஜ், ஹெர்ஸ்ட் என்று பெரிய மனிதர்களோடெல்லாம் பழகியவரைக் காப்பாற்ற ஒருவராலும் முடியவில்லை.

பெட்டிக்குள் இருந்த நோட்டுகள்

பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் பெயரை வெளியே யாரும் பேசவில்லை. மக்கரிட்ஜ் புகழ்பெற்றார். டுராண்டி 1957இல் அமெரிக்காவில் காலமானார். ஜோன்ஸ் பேரியில் அவர் குடும்பத்தின் துக்கமாக மட்டும் இருந்தார். மகனை ரஷ்யாவுக்கு அனுப்பியது தன் கதைகள்தான் என்ற எண்ணம் அந்தத் தாயை என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

1990ஆம் ஆண்டு வாக்கில், பழைய குடும்ப வீட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே ஜோன்சின் கடிதங்களும் நோட்டுகளும் இருந்தன. சகோதரியின் மகளான டாக்டர் சிரியல் கோலி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, மாமாவைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 2006இல் அவர் படித்த அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் வெல்ஷ், ஆங்கிலம், உக்ரேனிய மொழிகளில் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. 2008இல் உக்ரேன் அரசு ஜோன்சுக்கும் மக்கரிட்ஜுக்கும் விருது வழங்கியது. 2019இல் போலந்து இயக்குநர் அக்னியெஷ்கா ஹாலந்து அவர் கதையைப் படமாக்கினார். படத்தில் கற்பனையும் கலந்திருக்கிறது.

டுராண்டியின் புலிட்சர் விருதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தது. 2003இல் விருதுக் குழு அதை ஆராய்ந்தது. விருது பெற்றுத் தந்தவை 1931ஆம் ஆண்டின் கட்டுரைகள், பஞ்ச காலத்தவை அல்ல, அவற்றில் வேண்டுமென்றே ஏமாற்றியதற்குத் தெளிவான சான்று இல்லை என்று கூறி, விருதை ரத்து செய்ய மறுத்துவிட்டது.

ஜோன்சுக்கு எந்தப் பத்திரிகை விருதும் கிடைத்ததில்லை. 1933 மார்ச் மாதத்து நோட்டுகள் இப்போது அபரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நடந்துகொண்டே எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது. எந்தக் கிராமத்தில் எத்தனை மாடு இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று பென்சில் குறிப்புகள் பக்கம் பக்கமாகப் போகின்றன.